இனி யாரும் ‘வரட்டும்’ சொல்லக் கூடாது

எங்கள் ஊரில் ஒரு வண்டி ரிவர்ஸில் வருகிறது என்றால் சும்மா நிற்கிற ஆளே கிடையாது. கையில் காபி இருக்கட்டும், இடுப்பில் குழந்தை இருக்கட்டும், சண்டை பாதியில் நிற்கட்டும், எல்லோரும் அந்த நிமிஷமே போலீஸ்காரர் ஆகிவிடுவார்கள். “வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, வரட்டும்” என்று எட்டுப் பேர் கத்துவார்கள். லைசென்ஸே இல்லாதவன்தான் அதிகம் கத்துவான். வண்டி ஓட்டுகிறவருக்கு இது தொந்தரவு என்று யாருக்கும் தோன்றியதில்லை. உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

எனக்கும் அப்படித்தான் நினைப்பு இருந்தது. எங்கள் ஊர் புந்த்தா கவோபாவின் மீனவர் படகுத்துறையில் இருபத்திரண்டு வருஷமாக என் தம்பி வீத்தோவின் படகைத் தண்ணீரில் இறக்குவதும் ஏற்றுவதும் நான்தான். அவன் கடலுக்குப் போவான். நான் பிக்கப் வண்டியில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குச் சிமெண்ட் சரிவின் மேலே காத்திருப்பேன். ஊசியில் நூல் கோர்ப்பதைப் போல ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விடுவேன் என்று ஊரே சொல்லும். நானும் அதைக் கேட்டுக் கேட்டுத் தலைக்கனம் பிடித்துக் கிடந்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தக் கனம் இறங்கியது.

புயல் வந்து எங்கள் மணலை வாரிக்கொண்டு போனதிலிருந்து கரை முழுக்கப் பாறையும் கடல் முள்ளெலியும்தான். கால் வைத்து இறங்கக் கூடிய ஒரே இடம் படகு இறக்கும் இந்தச் சரிவு. அதனால் சனி ஞாயிறு என்றால் தலைநகரிலிருந்து வருகிற கூட்டம் இங்கேதான் வந்து விழும். ஐஸ் பெட்டி, மிதக்கும் மெத்தை, காது கிழிக்கும் பாட்டுப் பெட்டி, எல்லாம் சரிவின் நடுவிலேயே. உள்ளூர்க்காரர்களில் தினமும் வருகிறவர் தோன் மோஞ்சே; ‘தோன்’ என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கிற மரியாதைச் சொல். சர்க்கரை ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் மெல்ல இறங்குவார். சட்டத்தை ஈரம் படாத இடத்தில் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இங்கும் அங்குமாக நாற்பது நடை நடப்பார். தரையில் தான் அரை ஆள், தண்ணீரில் முழு ஆள் என்று சொல்லிக்கொள்வார்.

எப்போதும் இடது ஓரத்தில், மரத்தூணைப் பிடித்தபடி நிற்பார். அன்றைக்கு அந்த ஓரத்தில் ஒரு குடும்பம் மெத்தைகளைப் போட்டுக்கொண்டு மிதந்ததால் வலது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். என் கண்ணாடியில் அந்தப் பக்கம் தெரியாது. நான் இறங்கிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷக்காரி எதற்கு இறங்க வேண்டும்? ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் “வரட்டும், வரட்டும்” என்றார்கள். அதில் உரத்த குரல் மீனவர் சங்கத் தலைவர் பிளாசிதோவுடையது.

அந்த எட்டுக் குரலுக்கு அடியில் ஒரு சின்னக் குரலும் இருந்தது. மெத்தைக்காரக் குடும்பத்தின் பெண் குழந்தை, ஆறேழு வயது இருக்கும், “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தியிருக்கிறாள். யாருக்கும் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. குழந்தைகள் விளையாடுகின்றன என்று நினைத்து இன்னும் ஒரு முழம் விட்டேன்.

ட்ரெய்லர் சக்கரம் தோன் மோஞ்சேயின் வலது காலில் ஏறியது. அவருக்கு இருந்த ஒரே நல்ல கால். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

அடுத்த புதன்கிழமை மாலை சங்கக் கூடத்தில் கூட்டம். பிளாசிதோ அதிகம் பேசவில்லை. சரிவின் மேல் முனையில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவோம், படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சாவி, குளிக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வேறு இடம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தானும் அன்றைக்கு ‘வரட்டும்’ சொன்னதாகவும், அதிலிருந்து தூக்கம் இல்லை என்றும் அவர் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. எல்லாக் கையும் உயர்ந்தது. என் கைதான் முதலில் உயர்ந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்றே நினைத்துக்கொண்டு போனேன், பாருங்கள். கால் மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் யாருக்கும் இப்படி நடக்காது என்றேன்.

தோன் மோஞ்சே தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என் காலை உடைச்சே. சரி, தெரியாமப் பண்ணிட்டே. இப்ப கடலையும் பிடுங்கிட்டியா?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. கட்டைப் பிரித்ததும் தண்ணீரில்தான் நடக்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வயதில் இந்தக் கால் திரும்பாது என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு காலும் போனவன் பாறையில் இறங்குவானா, அல்லது நீங்கள் எல்லோருமாகத் தூக்கி எறிவீர்களா என்று கேட்டார்.

“அந்தக் குட்டிப் பொண்ணு கத்துனது கேட்டுச்சா உனக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். “கேட்டுச்சு, தோன் மோஞ்சே” என்றேன்.

“எனக்கும் கேட்டுச்சு. அத்தனை பேர்ல அவ ஒருத்திதான் சரியாச் சொன்னா. வரட்டும்னு சொல்றதுக்கு எட்டு பேரு. நிறுத்துன்னு சொல்றதுக்கு ஒரு சுண்டைக்காய்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “போ புள்ள. எனக்கு வலிக்குது.”

பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். வீடு வந்ததும் அழுகை நின்று கோபம் வந்தது, என் மேலேயே. எட்டுப் பேர் சொன்னதை ஒருத்தி சொன்னது அடக்க முடியாமல் போனது ஏன் என்று யோசித்தேன். பதில் ரொம்ப எளிது. ‘வரட்டும்’ என்ற சொல்லே அங்கே இல்லாதிருந்தால் அந்தக் குழந்தையின் சொல் ஒன்றுதான் எனக்குக் கேட்டிருக்கும்.

மீண்டும் கூட்டம் கூட்டச் சொன்னேன். பிளாசிதோ முடியாது என்றார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவர் மனைவியே என் பக்கம் சேர்ந்துகொண்டு, இந்தப் பொம்பளையைப் போகச் சொல்லுங்கள் அல்லது கூட்டத்தைக் கூட்டுங்கள், எனக்கு வாசல் பெருக்க வேண்டும் என்றாள். கூட்டம் கூடியது.

நான் கேட்டது ஒன்றுதான். சரிவில் வண்டி பின்னால் வரும்போது யாரும் ‘வரட்டும்’ சொல்லக் கூடாது. மீனவர், தலைவர், சாமியார், யாராக இருந்தாலும். சொல்ல அனுமதி உள்ள சொல் ‘நில்லு’ மட்டும். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நேற்றுப் பேசப் பழகிய குழந்தைகூட. யார் சொன்னாலும், எதற்குச் சொன்னாலும், வண்டி நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும்.

கூடம் சிரித்து உருண்டது.

“நெரெய்தா, நம்ம ஜனத்தை வாய மூடச் சொல்றியா? மூச்ச நிறுத்தச் சொல்லு, அதாவது நடக்கும்” என்றார் பிளாசிதோ.

“கார்மென் மாதா திருநாள் வரைக்கும் டைம் குடுங்க அண்ணே. அதுக்குள்ள ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் சங்கிலிய நானே மாட்டுறேன்.”

எங்கள் மீனவர்களின் காவல் மாதாவுக்குத் திருநாள் ஜூலை பதினாறு. மூன்றரை மாதம் இருந்தது. பிளாசிதோ ஒப்புக்கொண்டார். ஆனால் சங்கிலியை அன்றைக்கே வாங்கி வந்து கூடத்தின் கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டார்.

வேலையில் இறங்கினேன். சரிவின் நடுவே மேலிருந்து தண்ணீர் வரை மஞ்சள் கோடு இழுத்தேன். வலது பாதி படகுக்கு, இடது பாதி ஆட்களுக்கு. கோடு முடிகிற இடத்திலிருந்து பழைய மிதவைகளைக் கயிற்றில் கோர்த்துக் கடலுக்குள் விட்டோம், தண்ணீரிலும் பாதி தெரிய வேண்டுமே. ஆட்களின் பாதியில் பச்சைப் பாசி வழுக்கும். அதை நானும் வீத்தோவும் ஒரு வாரம் மண்வெட்டியால் சுரண்டினோம், பிறகும் திங்கள்தோறும் சுரண்டினோம். கயிறு அவிழ்ப்பது, படகின் அடித்துளைக்கு அடைப்பானை மாட்டுவது, பெட்ரோல் பார்ப்பது எல்லாவற்றையும் மேலே வண்டி நிறுத்துகிற இடத்திலேயே முடித்துவிட்டுத்தான் சரிவுக்கு வர வேண்டும் என்று சொன்னபோது வயசான மீனவர்கள் முணுமுணுத்தார்கள். சரிவில் வைத்து அரட்டை அடித்தபடி அதையெல்லாம் செய்வது அவர்கள் பரம்பரை உரிமை. ஆனால் முன்பு கால் மணி நேரம் சரிவை அடைத்துக்கொண்டு நின்ற படகு இப்போது இரண்டு நிமிஷத்தில் இறங்கிப் போனதை அவர்களும் பார்த்தார்கள்.

கஷ்டமெல்லாம் அந்தச் சொல்லில்தான். முதல் வாரம் பரிதாபமாக இருந்தது. வண்டி பின்னால் வரத் தொடங்கியதும் ஜனங்கள் நெளிவார்கள். லாட்டரிச் சீட்டு விற்கிற அம்மாள் கழுத்துத் துண்டை வாயில் அடைத்துக்கொள்வாள். மீன் வடை போடுகிற கடைக்காரர் “வர…” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் “வறுத்தது சூடா இருக்கு” என்று முடிப்பார். தப்பித் தவறிச் சொன்னவர்களிடம் நான் போய் நிற்பேன். திட்டமாட்டேன். நின்று முகத்தைப் பார்ப்பேன். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று பலர் சொன்னார்கள்.

மே மாதக் கடைசியில் தலைநகரிலிருந்து ஒருவன் வந்தான். தண்ணீர் ஸ்கூட்டர் இரண்டை இழுத்துக்கொண்டு, பாட்டைப் போட்டு ஊரை அலறவிட்டபடி, ஒரு கையில் போனோடு ரிவர்ஸ் எடுத்தான். மஞ்சள் கோடு அவன் ட்ரெய்லருக்கு நடுவில் ஓடியது. இடது பாதியில் பதினைந்து இருபது பேர் தண்ணீரில் இருந்தார்கள். நான் “நில்லு” என்றேன். பாட்டில் அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப் போய் அவன் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து, கூட்டத்துக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் நின்றேன். ஹாரன் அடித்தான். பெண்பிள்ளை என்ன செய்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் விட்டான். பொய் சொல்வானேன், அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் தோன் மோஞ்சேயின் எலும்பு முறிந்த சத்தம் மறுபடியும் காதில் கேட்டது.

நகரவில்லை. லாட்டரி அம்மாள் வந்து என் பக்கத்தில் நின்றாள். அப்புறம் வடைக்காரர், அவர் பின்னால் இன்னும் சிலர். அப்புறம் பிளாசிதோவே இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மௌனமாக நிற்பதை அவன் என்னவென்று நினைத்தானோ, பாட்டை அணைத்தான். போனை வைத்தான். இறங்கி வந்து பார்த்தான். இடது பாதியில் கணுக்காலளவு தண்ணீரில் ஒரு கைக்குழந்தை உட்கார்ந்து கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்தது. கோட்டுக்கு வலது பக்கமாக ஒழுங்காக இறக்கிவிட்டு, மிதவைகளைத் தாண்டும்வரை ஊர்ந்து போனான்.

ஜூனில் தோன் மோஞ்சே திரும்பி வந்தார். இரண்டு மருமகன்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, சுரண்டிய பாதியில் இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் கைகளை உதறிவிட்டார். அன்றைக்கு நான்கு நடை. அடுத்த வாரம் ஒன்பது. நான் தூரத்தில் நின்று எண்ணுவேன். கிட்டே போக மாட்டேன்.

அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் ஒரு முறைகூட ரிவர்ஸ் எடுக்கவில்லை. வீத்தோவின் படகை யார் யாரோ இழுத்துக் கொடுத்தார்கள். கேட்டவர்களிடம், சரிவைக் கவனிக்கவே நேரம் போதவில்லை என்று சொன்னேன். உண்மை என்னவென்றால், கியரில் கை வைத்தால் கை நடுங்கியது.

திருநாளன்று கார்மென் மாதாவைப் படகில் ஏற்றிக் கடலில் வலம் கொண்டுபோவோம். எந்தப் படகில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இந்த வருஷம் வீத்தோவின் பேர் வந்தது. மாதாவின் சுரூபத்தைக் கோவிலிலேயே படகில் ஏற்றி, ட்ரெய்லரோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, படகு சொந்தக்காரர் வீட்டு ஆளே கடலில் இறக்க வேண்டும் என்பது வழக்கம். வீத்தோ படகில் மாதாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மிச்சம் நான்தான்.

சரிவின் மேலே வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஐந்நூறு பேர் இருப்பார்கள். பாண்டு வாத்தியம், பூ, வடை மணம், தலைக்கு மேல் வெயில். பிளாசிதோவிடம் போய், நீங்கள் இறக்குங்கள் அண்ணே, எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டார். பாவம் என்று நினைத்திருப்பார்.

தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

“பிளாசிதோ, சாவிய அவகிட்ட குடு.”

தோன் மோஞ்சே மிதவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், திருநாள் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

“இந்தச் சரிவு எல்லாருக்கும் பொதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது அவதானே? அவளே பயந்தா மத்தவன் எப்படி நம்புவான்? ஏறச் சொல்லு.”

பிளாசிதோ சாவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் வேறு வழியில்லாமல் நடந்து தண்ணீர் ஓரம் வரை போனேன். வலது பாதி முழுக்கப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து ஏறினேன். ரேடியோவை அணைத்தேன். இரண்டு பக்க ஜன்னல் கண்ணாடியையும் இறக்கினேன். பாண்டு வாத்தியம் நின்றது. ஐந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த புதுச் சாமியார், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று மெல்லக் கேட்டாராம். எனக்கு என் எஞ்சின் சத்தமும் ட்ரெய்லர் சக்கரம் ஈரச் சிமெண்டில் உரசுகிற சத்தமும் கேட்டன. இருபத்திரண்டு வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

சக்கரம் தண்ணீரைத் தொட்டது. பாதி மூழ்கியது.

“நில்லு.”

பிரேக்கை மிதித்தேன். படகு குலுங்கி மாதா ஒரு பக்கம் சாய, வீத்தோ கட்டிப்பிடித்துக்கொண்டான். பூ கொட்டியது. பின்னாலிருந்த பாட்டிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் இறங்கி ஓடினேன். வலப்பக்கம் பார்த்தேன், குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தேன், தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. கோட்டைத் தாண்டி யாரும் இல்லை.

“யாரு சொன்னது?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார் தோன் மோஞ்சே.

“என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல.”

“பின்ன எதுக்குச் சொன்னீங்க?”

அவர் குனிந்தார். தண்ணீருக்குள் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நீ நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு.”

நான் அப்படியே தண்ணீரில் நின்றேன். அவர் முன்னால் அழக் கூடாது என்று மார்ச்சிலிருந்து வைராக்கியமாக இருந்தவள், ஐந்நூறு பேர் முன்னால் அழுதேன். மன்னிச்சிருங்க என்று அன்றுவரை நான் அவரிடம் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“சரி, போ. மாதாவ வெயில்ல நிக்க வைக்காத.”

மறுபடி பார்த்தேன். மறுபடி ஏறினேன். கை நடுங்கியது, நடுங்கிக்கொண்டேதான் விட்டேன். படகு மிதந்தது. வீத்தோ எஞ்சினைப் போட்டு, மிதவைகளைத் தாண்டும்வரை ஊர்ந்து போனான். அதற்குப் பிறகுதான் பாண்டு வாத்தியம் வாசித்தது.

அன்று மாலை சங்கக் கூட்டம் ஐந்து நிமிஷம் நடந்தது. ஒன்றுமே இல்லாததற்கு, அதுவும் மாதாவை வைத்துக்கொண்டு, ஒரு வண்டி நின்றது, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்றார் பிளாசிதோ. சங்கிலியைக் கதவிலிருந்து கழற்றி, யாருக்கு நங்கூரத்துக்கு வேண்டும் என்று கேட்டார். ஆட்கள் இறங்கும் பாதியில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும் என்றும், அதை வெல்டிங் செய்வது எப்படி என்று தோன் மோஞ்சே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீத்தோ சங்கரா மீனோடு திரும்பி வந்தான். நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். தோன் மோஞ்சே தன் பாதியில் பதினேழாவது நடையில் இருந்தார். என் ட்ரெய்லர் தண்ணீருக்குள் இறங்கும்போது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.